கள்ளுக்கடையை மூட ராஜாஜி கொண்டுவந்த வரி... இன்று பீர் பாட்டிலுக்குள் வந்தது எப்படி? வேலூர் - ஆம்பூர் வழியே ஒரு வரலாறு

ஆம்பூரில் இருந்து பெங்களூருவுக்கு காரில் போனால் சுமார் மூணு மணி நேரம். வெயில் காலத்தில் அங்குள்ள ப்ரூபப்களில் 'சம்மர் ஸ்பெஷல்' என்று மாம்பழ பீர், கோதுமை பீர் எல்லாம் வரும். அங்கேயே காய்ச்சி, அங்கேயே நொதிக்க வைத்து, கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ருசி பார்க்கக் கொடுப்பார்கள். கிராஃப்ட் பீர் என்பது இதுதான்.

இந்தப் பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, வேலூர் வட்டாரத்தில் அப்படி ஓர் இடம் கிடையாது. இங்கே பீர் என்றால் டாஸ்மாக் கடை பாட்டில்தான். நெடுஞ்சாலை ஓரத்தில் நுங்கும் பதநீரும் கிடைக்கும். ஆனால் அதே பனையில் இருந்து இறங்கும் கள்? அது கிடைக்காது. கிடைத்தால் குற்றம்.

பீர் இருக்கு, கள் இல்ல. ஏன் இப்படி? இதற்குப் பதில் தேடினால் கதை ஒரு மனிதரிடம் போய் நிற்கிறது. சேலத்தில் வக்கீலாக இருந்து, வேலூர் சிறையில் கைதியாக இருந்து, பின்னாளில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவே உயர்ந்த ராஜாஜி.

கள்ளும் கிராஃப்ட் பீரும்: என்ன ஒற்றுமை?

முதலில் ருசியில் இருந்தே தொடங்கலாம்.

பனையின் பாளையைச் சீவி, கீழே கலயம் கட்டினால் சொட்டுச் சொட்டாக இறங்குவது இனிப்பான சாறு. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீராகவே இருக்கும். தடவாவிட்டால் காற்றிலும் பழைய கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் சர்க்கரை ஆல்கஹாலாக மாறும். அதுதான் கள்.

காலையில் இறக்கிய கள்ளில் இனிப்பு தூக்கலாக இருக்கும், நுரை லேசாகப் பொங்கும். மதியத்துக்கு மேல் புளிப்பு ஏறும், போதையும் ஏறும். மறுநாள் வைத்தால் காடி மாதிரி ஆகிவிடும். ஒரு நாள் நொதித்த கள்ளில் ஆல்கஹால் அளவு கிட்டத்தட்ட சாதாரண பீர் அளவுக்கு, அதாவது 4, 5 சதவீதம் வரை வரும்.

பீரில் முளைக்கட்டிய பார்லி, ஹாப்ஸ் என்ற பூ, ஈஸ்ட், தண்ணீர். கள்ளில் மரமும் கலயமும் மட்டும். ஆனால் கிராஃப்ட் பீருக்கும் கள்ளுக்கும் அடிப்படைக் குணம் ஒன்று: சின்ன அளவில் செய்வது, அந்தந்தப் பருவத்தில் செய்வது, புதுசாகவே குடித்துவிடுவது.

இதில் தோல் தொழில் ஊர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருளும் இருக்கு. தோல் ஷாப்புகளில் முடி நீக்க ஆட்டுத்தோலை ஊறப்போடுவது சுண்ணாம்புத் தொட்டியில். பதநீர் கள்ளாக மாறாமல் தடுப்பதும் அதே சுண்ணாம்புதான்.

பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே இருப்பது ஒரு கை சுண்ணாம்பு. அந்த இடத்தில் சட்டத்தைக் கொண்டுவந்து வைத்தவர் ராஜாஜி.

யார் இந்த ராஜாஜி?

முழுப் பெயர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி. 1878 டிசம்பர் 10-ஆம் தேதி, ஓசூர் அருகே தொரப்பள்ளி கிராமத்தில் பிறந்தார். அப்போது அது சேலம் மாவட்டம், இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். அப்பா அந்தக் கிராமத்தின் முன்சீப்.

ஓசூரிலும் பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியிலும் படித்துவிட்டு, சென்னையில் சட்டம் படித்தார். 1900 வாக்கில் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். பெயரும் பணமும் சீக்கிரமே வந்தன. 1917-ல் சேலம் நகராட்சித் தலைவர் ஆனார். அதற்குள்ளாகவே மனைவி அலமேலு மங்கம்மாள் இறந்துவிட்டார். ஐந்து பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு அவர் மேல் விழுந்தது.

1919-ல் காந்தியைச் சந்தித்த பிறகு வாழ்க்கை திசை மாறியது. ஒத்துழையாமை இயக்கத்தில் வக்கீல் தொழிலையே விட்டார். 1921 டிசம்பரில் கைது. மூன்று மாதத் தண்டனை. கொண்டுபோய் வைத்த இடம் வேலூர் மத்திய சிறை.

தொரப்பள்ளியில் பிறந்தவர் முதன்முதலாகச் சிறை சென்றது வேலூர் தொரப்பாடிக்கு.

வேலூர் சிறையில் என்ன எழுதினார்?

ஆஸ்துமா தொல்லையோடு சிறைக்குள் போன அவர் தினமும் குறிப்பு எழுதினார். அந்தச் சிறை நாட்குறிப்பு பின்னர் புத்தகமாக வந்தது.

அதில் இன்றும் பேசப்படும் பகுதி சுதந்திரத்துக்குப் பிந்தைய நாட்களைப் பற்றியது. வெள்ளைக்காரன் போனதும் மக்களுக்கு உடனே நல்லது நடந்துவிடும் என்று அவர் நம்பவில்லை. தேர்தல்களும் ஊழலும் பணபலமும் நிர்வாகத் திறமையின்மையும் வாழ்க்கையை நரகமாக்கும் என்று 1922-லேயே கணித்தார். சுதந்திரம் வர இன்னும் 25 வருஷம் இருந்தது.

அரசாங்கம் கைக்கு வருவது மட்டும் போதாது, அதை வைத்து மக்களிடம் எதை மாற்றப் போகிறோம் என்பதுதான் முக்கியம் என்பது அவர் எண்ணம். அந்த 'எதை' என்ற கேள்விக்கு அவர் கண்டுபிடித்த பதில்களில் ஒன்று மதுவிலக்கு.

புதுப்பாளையம் ஆசிரமமும் கல்கியும்

1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். வறண்ட பகுதி. மழை பொய்த்தால் பட்டினி. கதர் நூற்பதன் மூலம் ஏழைக் குடும்பங்களுக்கு வருமானம் கொடுப்பது ஆசிரமத்தின் முக்கிய வேலை.

அங்கேதான் ஒரு விஷயத்தை அவர் நேரில் பார்த்தார். பெண்கள் நூல் நூற்றுக் கொண்டுவரும் காசும், ஆண்கள் வயலில் சம்பாதித்த கூலியும் கள்ளுக்கடையில் போய்ச் சேர்ந்தன. குடிப்பவரைத் திருத்துவது அறிவுரையால் மட்டும் முடியாது, கடையே இருக்கக் கூடாது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

1929-ல் மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகையை நடத்தினார். அதில் அவருக்குத் துணையாக வேலை பார்த்த இளைஞர்தான் பின்னாளில் 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கி. குடியின் கேட்டைக் கதையாகவும் படமாகவும் சொல்லும் பத்திரிகை அது. 1930-ல் ராஜாஜி வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்துக்குக் கிளம்பி சிறை சென்ற காலத்தோடு அதுவும் நின்றுபோனது. மொத்தமே பத்து இதழ்கள்.

1937: அதிகாரம் கைக்கு வந்ததும் முதல் வேலை

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அப்போது முதலமைச்சர் பதவிக்கு அதுதான் பெயர். நிதித் துறையும் அவர் கையில்தான்.

மூன்று ஆண்டுகளுக்குள் முழு மதுவிலக்கு என்பது காந்தியின் விருப்பம், காங்கிரஸ் காரியக் கமிட்டியும் அதையே தீர்மானமாகப் போட்டது. மற்ற மாகாணங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது ராஜாஜி சட்டமே கொண்டுவந்துவிட்டார். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன.

ஒரே நாளில் மாகாணம் முழுக்க மூடாமல், மாவட்டம் மாவட்டமாகப் போனார்.

- 1937 அக்டோபர் 1: சேலம்
- 1938 அக்டோபர் 1: சித்தூர், கடப்பா
- 1939 அக்டோபர் 1: வட ஆற்காடு

அந்த வட ஆற்காட்டுக்குள் இருந்தவைதான் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் எல்லாம். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் இந்த மாவட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பது தெரியும். ஓர் இடத்தில் கடையை மூடினால் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்க் குடித்துவிட்டு வருவது எந்த மதுவிலக்குக்கும் வரும் முதல் தலைவலி. அடுத்தடுத்த மாவட்டங்களாகச் சேர்த்துக்கொண்டே போனால் அந்த எல்லை தள்ளிப்போகும்.

வேலூர், ஆம்பூரில் கடைகள் மூடிய அதே அக்டோபர் முடிவதற்குள் ராஜாஜி பதவியை விட்டார். இரண்டாம் உலகப் போரில் இந்தியர்களைக் கேட்காமல் பிரிட்டன் இந்தியாவை இழுத்துவிட்டதை எதிர்த்து காங்கிரஸ் அமைச்சரவைகள் ராஜினாமா செய்தன. அவர் கடைசியாக மதுவிலக்கைக் கொண்டுவந்த மாவட்டம் இதுதான்.

வருமானம் போனதே, என்ன செய்தார்?

இங்கேதான் கதையின் முக்கியமான திருப்பம்.

அன்றைய சென்னை மாகாண அரசின் வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கள், சாராய வரிதான். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் செலவாகும் பணத்தில் குடிகாரன் காசும் கலந்திருந்தது. கடையை மூடினால் பள்ளியையும் மூட வேண்டுமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

ராஜாஜி வேறு வழி தேடினார். 1939-ல் வரிசையாகப் புது வரிகள் வந்தன: புகையிலை விற்பனைக்கு, பெட்ரோலுக்கு, சினிமா உள்ளிட்ட கேளிக்கைகளுக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, பொது விற்பனை வரி.

கடையில் எந்தப் பொருள் விற்றாலும் அந்த விற்றுமுதலில் ஒரு சிறு பங்கு அரசுக்கு. சிறு கடைகளுக்கு விலக்கு. பெரிய வியாபாரிகளுக்கு அரை சதவீதம் அளவில் தொடங்கியது. கேட்க சின்னதாகத் தெரியலாம். ஆனால் இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி அதுதான். வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர் பின்வாங்கவில்லை.

குடிக்கிற ஒருத்தரிடம் இருந்து மட்டும் வாங்கிய பணத்தை, பொருள் வாங்கும் எல்லோரிடம் இருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது. கணக்கு அவ்ளோதான்.

தோல் தொழிலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பே இருக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஊர்களின் சரக்கு தோல். பச்சைத்தோல் ஒருவர் கையில் இருந்து இன்னொருவர் கைக்குப் போய், பதனிட்டு, மறுபடி விற்கப்படும். ஒவ்வொரு கை மாறும்போதும் வரி போட்டால் தொழில் தாங்காது. அதனால் தோலுக்கு ஒரே கட்டத்தில் மட்டும் வரி என்ற தனி விதி வைக்கப்பட்டது.

எந்தக் கட்டத்தில், எந்த விலைக்கு வரி என்பதில் பல வருஷம் வழக்கு நடந்தது. அதில் ஒன்று இந்திய வரிச் சட்ட வரலாற்றிலேயே முக்கியமானது. வெளி மாநிலத்தில் பதனிட்டு இங்கே கொண்டுவந்து விற்கும் தோலுக்கு, பதனிட்ட தோலின் விலையில் வரி. உள்ளூரிலேயே வாங்கிப் பதனிட்டதற்கோ விலை குறைவான பச்சைத்தோலின் விலையில் வரி. இது பாரபட்சம் என்று ஏ.டி.பி. மேத்தாப் மஜீத் என்ற தோல் வணிக நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1960-களின் தொடக்கத்தில் வந்த தீர்ப்பில் அந்த விதி செல்லாது என்று ஆனது. மாநிலங்கள் வெளியூர்ச் சரக்கை வரியால் ஓரங்கட்டக் கூடாது என்பதற்கு இன்றும் இந்த வழக்கு எடுத்துக்காட்டப்படுகிறது.

கள்ளுக்கடையை மூடுவதற்காகப் பிறந்த வரி, தோல் வியாபாரியின் கணக்குப் புத்தகத்துக்குள் இப்படித்தான் வந்து உட்கார்ந்தது.

இழந்தவர்கள் யார்?

மதுவிலக்கால் வீட்டுக்குக் கூலி வந்து சேர்ந்த குடும்பங்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மரமேறிகள். பனையும் தென்னையும் ஈச்சையும் ஏறிக் கள் இறக்கிப் பிழைத்தவர்களின் தொழிலே ஒரு தேதியில் குற்றமாகிவிட்டது. பதநீர் இறக்குங்கள், வெல்லம் காய்ச்சுங்கள் என்று அரசு மாற்று வழி காட்டியது. ஆனால் பனைச் சாறு இறங்குவது சில மாதங்கள்தான். வெல்லம் காய்ச்ச விறகு வேண்டும், ஆள் வேண்டும். கள் கொடுத்த உடனடிக் காசை அது கொடுக்கவில்லை.

ஊருக்குள் கடை மூடினால் ஒதுக்குப்புறத்தில் கள்ளச்சாராய அடுப்பு எரியும் என்ற பிரச்சினையும் கூடவே வந்தது. கள்ளைவிடச் சாராயம் பல மடங்கு ஆபத்தானது. மதுவிலக்கின் இந்தப் பக்கத்தை ராஜாஜியின் விமர்சகர்கள் எப்போதும் சுட்டிக்காட்டினார்கள்.

அதன் பிறகு ராஜாஜி

போர்க் காலத்தில், 1943-ல், ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. சுதந்திரத்தை ஒட்டி மறுபடி படிப்படியாக வந்து, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 காந்தி ஜெயந்தியன்று மாகாணம் முழுக்க அமலானது.

அப்போது ராஜாஜி டெல்லியில் கவர்னர் ஜெனரல். 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை அந்தப் பதவியில் இருந்தார். அதில் அமர்ந்த ஒரே இந்தியர் அவர்தான். 1952-ல் மீண்டும் சென்னை முதலமைச்சர். உணவு ரேஷனை நீக்கியதற்காகப் பாராட்டு கிடைத்தது. குலக்கல்வி என்று எதிர்ப்பாளர்கள் பெயர் வைத்த பள்ளித் திட்டத்தால் 1954-ல் பதவி போனது. முதல் ஆட்சியில் கட்டாய இந்தி, இரண்டாவது ஆட்சியில் அரை நாள் பள்ளி. இந்த இரண்டுக்காகவும் தமிழ்நாட்டில் அவர் மீது கோபம் இன்றும் மிச்சம் இருக்கு.

1954-ல் பாரத ரத்னா. 1959-ல் சுதந்திரா கட்சி. 1967-ல் அண்ணாவின் திமுகவோடு கூட்டணி வைத்து காங்கிரஸைத் தோற்கடித்தார்.

1971-ல் முதலமைச்சர் கருணாநிதி மதுவிலக்கைத் தள்ளிவைக்க முடிவு செய்தார். சுற்றியுள்ள மாநிலங்களில் மது ஓடுகிறது, அரசுக்கு நிதி இல்லை, ஏற்கனவே மதுவிலக்கு உள்ள மாநிலத்துக்கு மத்திய அரசு உதவி தரவில்லை என்பது அரசின் வாதம். 92 வயது ராஜாஜி முதல்வரை வீடு தேடிப் போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கொட்டும் மழையில் போனார் என்று இன்றும் சொல்வார்கள். முடிவு மாறவில்லை. அந்த ஆகஸ்ட் இறுதியில் கடைகள் திறந்தன.

1972 டிசம்பர் 25-ஆம் தேதி ராஜாஜி காலமானார். 1973, 1974-ல் அதே அரசு கள், சாராயக் கடைகளை மறுபடி மூடியதை அவர் பார்க்கவில்லை.

அப்போ இன்றைக்கு மிச்சம் இருப்பது என்ன?

1981-ல் எம்ஜிஆர் ஆட்சியில் கடைகள் திரும்பத் திறந்தன. 1983-ல் டாஸ்மாக் உருவானது. 1987 தொடக்கத்தில் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. கள்ளில் மயக்கப் பொருள் கலப்படம் நடக்கும் என்பது தடைக்கு ஆதரவாக இன்றும் சொல்லப்படும் காரணம். பாட்டிலில் வரும் பீரும் பிராந்தியும் மட்டும் தொடர்ந்தன. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது.

இதெல்லாம் எந்தச் சட்டத்தின் கீழ் நடக்குது தெரியுமா? தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. ராஜாஜி கொண்டுவந்த அதே சட்டம், திருத்தங்களோடு. அரசே மது விற்கும் அதிகாரம் அந்தச் சட்டத்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டிருக்கு. துறையின் பெயரும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைதான்.

வரியின் கதை இன்னும் விசித்திரம். 1939-ன் விற்பனை வரி, 1959-ல் புதிய சட்டமானது. 2007-ல் வாட் ஆனது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து பெரும்பாலான பொருட்களுக்கு அதை விழுங்கிவிட்டது. தோல், செருப்பு, பிரியாணி எல்லாம் ஜிஎஸ்டிக்குள் போய்விட்டன. மாநிலத்தின் பழைய விற்பனை வரி வாரிசாக மிஞ்சியது சில பொருட்களுக்கு மட்டும். அதில் முக்கியமானவை பெட்ரோல், டீசல், மது.

அதாவது, மதுப் பணம் இல்லாமல் அரசை நடத்துவதற்காக ராஜாஜி கண்டுபிடித்த வரி, இப்போது மதுவில் இருந்து அரசுக்குப் பணம் சேர்க்கும் வரியாக இருக்கு.

சட்டமும் உயிரோடு இருக்கு, வரியும் உயிரோடு இருக்கு. இரண்டுமே அவர் போக நினைத்த திசைக்கு நேர் எதிரே போய்க்கொண்டிருக்கு. அவர் மூடியதில் இன்றும் மூடியே கிடப்பது சாராயக்கடையும் கள்ளுக்கடையும்தான். அதிலும் பருவத்துக்குப் பருவம் மரத்தில் இருந்து இறங்கி, அன்றன்றே தீர்ந்துபோகும் கள்ளுக்கு விலக்கு கேட்டு பனைத் தொழிலாளர்களும் விவசாயிகளும் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த முறை ஆம்பூர் சாலையில் வண்டியை நிறுத்தி ஒரு டம்ளர் பதநீர் வாங்கும்போது ருசியைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த இனிப்பின் அடியில் லேசாக நாக்கில் படுவது சுண்ணாம்பு. அது இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் அந்த டம்ளரில் இருப்பது குற்றம்.